ஐந்து போர்மேன்களும் ஒரு கடைசிப் பத்தியும்

காலை பத்து இருபது. சாத்தூர் அலுவலகத்தின் மாடி ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது ஒரு வேனையும், அதிலிருந்து இறங்கிய ஐந்து வெள்ளைச் சட்டைகளையும். நான்கு பேர் குதித்து இறங்கினார்கள். ஐந்தாமவர் பின் இருக்கையிலிருந்து வந்தார். கதவுக் கம்பியை விரல்களால் பிடிக்காமல் முழங்கையை அதில் கொடுத்துக்கொண்டு, இடது காலைத் தரையில் ஊன்றி, அதன் பிறகு வலது காலை ஒரு பெட்டியை இறக்குவதுபோல இறக்கினார். இறங்கியதும் மற்ற நால்வரையும் முந்திக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார். அக்குளில் எங்கள் பத்திரிகை சுருட்டி இடுக்கப்பட்டிருந்தது.

நிருபர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டிய பத்திரிகையோடு மாடியேறி வருகிறவர் பாராட்ட வருவதில்லை.

அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முந்தைய நாள் மருத்துவப் பக்கத்தில் முடக்குவாதம் பற்றி நான் எழுதியது வந்திருந்தது. விருதுநகரில் மூட்டுவாத நோய்களைப் பார்க்கும் ஒரு பெண் மருத்துவர் சொன்னவை. வயதில் என்னைவிட மிகவும் இளையவர், பொறுமைசாலி. மேக்ரோபேஜ் என்ற செல்லைப் பற்றி எனக்கு விளங்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். உடம்பில் எல்லா இடத்திலும் காவலிருக்கும் செல் அது. கிருமி வந்தால் விழுங்கும், குப்பை சேர்ந்தால் விழுங்கும். ஆபத்து என்று தோன்றினால் ரசாயனக் குரல் கொடுத்து மற்ற செல்களைக் கூப்பிடும். காய்ச்சல் வருவதும் அந்தக் குரலைக் கேட்டுத்தான். வேலை முடிந்ததும் அதே செல் அமைதியாகி, பழுது பார்க்கிறவர்களுக்கு வழிவிடும். முடக்குவாதத்தில் அது அமைதியாவதில்லை. மூட்டுக்குள் கிருமி எதுவும் இல்லாதபோதும் கத்திக்கொண்டே இருக்கிறது. கூப்பிட்ட கூட்டமெல்லாம் வந்து சேர்கிறது. மூட்டு வீங்குகிறது, எலும்பு அரிக்கிறது.

இதை எப்படி எழுதுவது? மருத்துவக் கட்டுரை என்றால் உடனே ராணுவத்தைக் கூப்பிட்டுவிடுவது நம் வழக்கம். வெள்ளையணுக்கள் சிப்பாய்கள், கிருமிகள் எதிரிகள். எங்கள் பதிப்பை வாசிப்பவர்களில் சிப்பாயைத் தினமும் பார்ப்பவர் யாரும் இல்லை. போர்மேனைத் தினமும் பார்க்கிறார்கள். பட்டாசு ஆலையில் அறை அறையாகச் சுற்றி, ஓர் அறையில் கூடுதலாக ஆள் உட்கார்ந்தால் எழுப்பிவிட்டு, கலவை மிஞ்சினால் கத்தி, செருப்போடு வந்தால் கத்தி, வெயில் ஏறினால் கத்தி வேலை வாங்குகிறவர் போர்மேன். ஆகவே எழுதினேன்: மூட்டில் உள்ள மேக்ரோபேஜ், ஆர்டர் முடிந்து லோடு போன பிறகும் ஆள் ஆளாகக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கத்தும் போர்மேனைப் போன்றது. ஸ்டீராய்டு மாத்திரை அவர் வாயை உடனே பொத்துகிறது. வாரம் ஒருநாள் போடும் மெத்தோட்ரெக்சேட் அவரை மெல்ல மெல்லச் சமாதானப்படுத்துகிறது. புதிதாக வந்திருக்கும் ஊசிகளில் சில, அவர் போட்ட சத்தம் அடுத்தவர் காதில் விழும் முன்னே வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன.

மருத்துவர் படித்துப் பார்த்துச் சிரித்தார். சரி என்றார். "ஆனா கடைசிப் பத்தி முக்கியம். அதை விட்றாதீங்க."

கடைசிப் பத்தி இதுதான். கத்துவது போர்மேனின் குறையல்ல, அவருடைய வேலை. மருந்து அவரை அடக்கிவைத்திருக்கும்போது உண்மையாகவே கிருமி நுழைந்தாலும் சத்தம் வராமல் போகலாம். காய்ச்சல்கூட இருக்காது. முடக்குவாதக்காரருக்கு எல்லா மூட்டும் சேர்ந்து வலித்தால் அது நோய். ஒரே ஒரு மூட்டு மட்டும் மற்றவற்றை மீறித் தனியாக வீங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டைத் தானாக வாங்கிப் போடவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது.

தீபாவளிக்கு முந்தைய சீசன் அது. செய்திகளைத் திருத்தி வெட்டும் மதுரை டெஸ்க்கில் பக்கம் கட்டும்போது ஒரு கிஃப்ட் பாக்ஸ் விளம்பரம் வந்து உட்கார்ந்தது. டெஸ்க்கில் இருப்பவர் கெட்டவரல்லர். கத்தரி எப்போதும் கீழிருந்துதான் மேலே ஏறும். கடைசிப் பத்தி இருந்த இடத்தில் மறுநாள் காலை மூன்று ராக்கெட்டுகளும் ஒரு சிரிக்கும் குழந்தையும் இருந்தன.

இப்போது மாடிப்படிக்கு வருவோம்.

"யார்யா இத எழுதினது?" என்றபடி அந்த ஐந்தாமவர் உள்ளே வந்தார். அவரை மாடசாமி என்று வைத்துக்கொள்வோம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓர் ஆலையில் போர்மேன். ஐம்பதைத் தாண்டியவர். குரல் கீழே டீக்கடையில் ரேடியோவை நிறுத்திப் பார்க்கும் அளவுக்கு இருந்தது.

"நான்தான். உக்காருங்க."

"உக்கார வரல. போர்மேன்னா உங்களுக்கு நோயா? எங்க வீட்டுல எம் மவ வாசிச்சுக் காட்டுதா. பேரப்புள்ள என்னயப் பாத்து, தாத்தா நீ மேக்ரோபேஜாங்குது."

கூட வந்தவர்களில் பருமனானவர், அச்சங்குளத்துக்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரிக்கிறார் என்பது முதுகில் தெரிந்தது.

"சிரிக்காதிரும்வே! ஒம்ம பொண்டாட்டி மட்டும் என்னத்தச் சொன்னாளாம்?"

"அவ கட்டுரைய வெட்டி அடுப்பாங்கரையில ஒட்டிவச்சிருக்கா," என்றார் அச்சங்குளத்துக்காரர்.

கோரிக்கை எளிமையானது. போர்மேன் சமூகத்திடம் பத்திரிகை வருத்தம் தெரிவிக்க வேண்டும். மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். நால்வர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாடசாமியிடம் பேனாவை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், வாங்கவில்லை.

"எம் பேரையும் நீரே போட்டிரும்," என்றார் அச்சங்குளத்துக்காரரிடம். அவரும் ஒன்றும் கேட்காமல் போட்டார். அது புதுப் பழக்கமாகத் தெரியவில்லை.

டீ வரவழைத்தேன். சண்டைக்கு வருபவர்களுக்கு டீ வாங்கிக் கொடுங்கள். கை காலியாக இருந்தால்தான் மேசையைத் தட்டத் தோன்றும். நால்வர் கிளாஸின் விளிம்பைப் பிடித்துக் குடித்தார்கள். மாடசாமி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் கிளாஸை வைத்து, கும்பிடுவதுபோல் தூக்கிக் குடித்தார். விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி தடித்திருந்தன. உட்கார வரவில்லை என்றவர் இதற்குள் உட்கார்ந்திருந்தார், வலது காலை நீட்டியபடி. வேட்டிக்கு மேலாகவே தெரிந்தது: ஒரு முழங்கால் மற்றொன்றைவிட மிகப் பெரியதாக இருந்தது.

எல்லா மூட்டும் அல்ல. ஒன்று மட்டும். மூன்று ராக்கெட்டுகளுக்கு அடியில் புதைந்துபோன பத்தி என் எதிரே வேட்டி கட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

"மனு விஷயமா தலைவர்கிட்ட தனியா ரெண்டு வார்த்தை," என்றேன். பழைய பத்திரிகைக் கட்டுகள் அடுக்கியிருக்கும் உள் அறைக்கு மாடசாமியைக் கூட்டிப் போனேன்.

"முழங்காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. படியில வழுக்கிட்டு."

"கைக்கு?"

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதுவும் சரியாக முடியவில்லை. அந்த மனிதரின் குரல் தாழ்ந்ததை அன்றைக்கு முதல் முறையாக அப்போது கேட்டேன்.

"சார், வெளியில இருக்கவங்களுக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரிஞ்சா வாட்ச்மேனாக் கேட்டுல உக்கார வச்சிருவாக. கை முடங்கினவன் எப்படி அவசரத்துக்கு ஒருத்தியப் பிடிச்சு வெளிய இழுப்பான்னு கேப்பாக. கேக்கது நியாயந்தான்."

"மருந்து?"

"மெடிக்கல்ல சின்ன வெள்ளை மாத்திரை குடுப்பாக. ஒண்ணு போட்டா காலையில எந்திரிச்சிரலாம். உங்க கட்டுரையப் படிச்சிட்டு நேத்து ரெண்டாப் போட்டேன்."

"கட்டுரையைக் கண்டிக்கத்தானே வந்தீங்க?"

"மாத்திரை பத்தி எழுதினது சரி. போர்மேன் பத்தி எழுதினதுதான் தப்பு," என்றார் அவர், மிக நிதானமாக.

"காய்ச்சல் இருக்கா?"

"ஒரு பொட்டுக்கூட இல்ல. அதான் நல்லா இருக்கேன்னு சொல்லுதேன்ல."

மருத்துவரை ஃபோனில் பிடித்தேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார். ஒரு மூட்டா, எல்லாமா? என்ன மாத்திரை? பதில் சொன்னதும், "உடனே கூட்டிட்டு வாங்க. சாயங்காலம்னு சொன்னா கேக்காதீங்க," என்றார்.

மாடசாமி சாயங்காலம் என்றுகூடச் சொல்லவில்லை. தீபாவளி முடியட்டும் என்றார். சீசனில் போர்மேன் ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். "மனுவுக்கு வழி சொல்லுங்க, நாங்க கிளம்புதோம்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னால் செய்ய முடிந்தவை இரண்டு. வெளியே போய் நால்வரிடமும் இவருக்கு ஆபத்து என்று சொல்லலாம். அவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், அவர் வேலை போகும். சொல்லாமல் விடலாம். வேலை இருக்கும், ஆள் இருப்பாரா தெரியாது. ஒருவர் நம்மிடம் தனியாகச் சொன்னதை அவருடைய நன்மைக்காகவே என்றாலும் வெளியே கொட்டும் உரிமை நமக்கு உண்டா என்று பிற்பாடு பயிற்சி வகுப்புகளில் விரிவாகப் பேசியிருக்கிறேன். அன்று அந்த அறையில் விரிவாக யோசிக்க இடமில்லை. கட்டுகளுக்கு நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடமிருந்தது.

வெளியே வந்தேன். உரத்த குரலில் சொன்னேன்: "இந்த உதாரணத்தைப் படிச்சுப் பாத்து சரின்னு சொன்னது விருதுநகர் டாக்டர். அவங்க சம்மதிக்காம நான் வருத்தம் தெரிவிக்க முடியாது. உங்க பிரதிநிதி ஒருத்தர் நேர்ல வந்து அவங்ககிட்ட வாதாடணும். இப்பவே."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மாடசாமி என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் நால்வருக்கு முன்னால் சண்டைக்குப் பயந்தவர் என்று பெயரெடுக்க அவரால் முடியாது.

"வாரேன். எனக்கென்ன பயம்?" என்றார்.

"நாங்களும் வாரோம்," என்றார்கள் நால்வரும்.

வேனில் அச்சங்குளத்துக்காரர் தன் வழக்கமான முன் இருக்கையில் ஏறப் போனார். "தலைவர் முன்னால உக்காரட்டுமே," என்றேன். "வேண்டாம், எனக்கென்ன நோயா?" என்று மாடசாமி பின்னால் போய், முழங்கையைக் கொடுத்து ஏறினார். நான்கு வழிச்சாலையில் வேகத்தடை இல்லாததற்கு அன்றைக்கு நன்றி சொன்னேன். இருந்தாலும் பாலத்தின் இணைப்புகளில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் பத்திரிகைத் துறையைத் திட்டினார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள்.

மருத்துவமனை வாசலிலேயே நர்ஸ் நின்றிருந்தார். "பிரதிநிதி ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம்," என்றார். கிளம்பும்போது நான் ஃபோனில் கேட்டுக்கொண்டபடி மருத்துவர் முன்பே சொல்லிவைத்திருந்தார். நிருபர் என்பதால் என்னையும் விட்டார்கள்.

"நீங்கதான் எங்கள நோயின்னு சொன்னீகளா, டாக்டரம்மா?"

"ஆமா. இந்தக் கட்டில்ல உக்காந்து பேசுங்க. காலை நீட்டுங்க."

"காலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீட்டினா சொல்றேன்."

நீட்டினார். மருத்துவர் முழங்காலைத் தொட்டதும் மாடசாமி கட்டில் விளிம்பை மணிக்கட்டால் பிடித்துக்கொண்டார். ஆனாலும் பேச்சை விடவில்லை. "போர்மேன் கத்துதான்னு எழுதிருக்கீக. நான் கத்தலைன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒரு ரூம்ல நாலு பிள்ளைக கூடி உக்காந்து கதை பேசும். ஒருத்தி திரிய தரையில போட்டு இழுப்பா. ஒரு பொறி போதும், மொத்த ஷெட்டும் போயிரும். போர்மேன் சத்தம் கேக்கலைன்னா அந்த ஆலைக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்."

"சரியாச் சொன்னீங்க," என்றார் மருத்துவர். இன்னொரு முழங்காலையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். "இந்தக் கால் கொதிக்குது. உள்ள கிருமி பூந்திருக்குன்னு நினைக்கிறேன். இந்நேரம் உங்களுக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டிருக்கணும். உடம்புக்குள்ள இருக்கிற போர்மேன் ஏன் சத்தம் போடல?"

மாடசாமி யோசித்தார். அவருடைய துறைக் கேள்வி அது. பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"லீவா இருக்கும்," என்றார்.

"லீவு இல்ல. வேலைக்கு வந்திருக்காரு. வாயில துணியை அடைச்சு வச்சிருக்கீங்க. நேத்து ரெண்டாவது துணியும்."

வீங்கிய முழங்காலுக்குள் ஊசி போனது. இழுத்தபோது வந்தது கலங்கிய மஞ்சள். எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். நிருபருக்கு அது போதும்.

"இன்னைக்கே மூட்டைத் திறந்து கழுவணும். விட்டா மூட்டு போகும். ரத்தத்துல ஏறினா நீங்களே போயிருவீங்க. அந்த வெள்ளை மாத்திரையை நானா சொல்ற வரைக்கும் நீங்களா நிறுத்தவும் கூடாது. இவ்வளவு நாள் போட்டுட்டு சட்டுனு விட்டா அது வேற ஆபத்து."

"அப்போ போர்மேன்மார் விஷயம்?"

"உங்க கட்சிதான் ஜெயிச்சுது. எழுதிக் குடுக்கட்டுமா?"

"வாயால சொன்னாப் போதும்," என்றார் மாடசாமி. கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே நால்வரும் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள். "என்ன சார், மன்னிப்புக் கேட்டாகளா?"

"பேசிக்கிட்டு இருக்காங்க."

"இம்புட்டு நேரமாவா?"

"தலைவர் விட்டுக்குடுக்கல."

அதை அவர்கள் உடனே நம்பினார்கள். அப்போது நர்ஸ் கதவைத் திறந்தார். "மாடசாமி கூட வந்தவங்க யாரு? ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடணும். வீட்டுக்கும் சொல்லிருங்க."

நான் சுவரைப் பார்த்தேன். அச்சங்குளத்துக்காரர் எழுந்து போய்ப் பேனாவை வாங்கினார். என்ன ஆபரேஷன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டுவிட்டு வந்து மற்ற மூவரிடமும் சொன்னார்: "ஏலே, கம்பெனியில யாரும் கேட்டா, டாக்டரோட சண்டை போட்டதுல படியில விழுந்துட்டாருன்னு சொல்லணும். தெரியுதா? முழங்கால் மட்டும்தான். கையப் பத்தி எவனும் வாயத் தொறக்கப்பிடாது."

"கையா?" என்றேன் நான்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "அவரு கையெழுத்த மூணு சீசனா நாந்தான் சார் போடுதேன்."

அன்று மாலை மதுரைக்குப் பேசினேன். வெட்டுப்பட்ட பத்தியை நாளைக்கே போட வேண்டும் என்றேன். டெஸ்க்கில் இருந்தவர் நியாயமாகவே கேட்டார்: ஏற்கெனவே வந்த கட்டுரையின் வாலை மட்டும் எந்தப் பக்கத்தில் ஒட்டுவது? மருத்துவப் பக்கம் அடுத்த வாரம்தான், அதிலும் விளம்பரம் இருக்கிறது.

ஃபோனை வைத்துவிட்டு யோசித்தேன். நம் தொழிலில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்காது. போராட்டத்துக்கு எப்போதும் கிடைக்கும். உட்கார்ந்து செய்தி எழுதினேன். பட்டாசு ஆலை போர்மேன்கள் பத்திரிகை அலுவலகத்துக்குத் திரண்டு வந்து கண்டனம். சத்தம் போடாத போர்மேன்தான் ஆபத்தானவர் என்று பிரதிநிதிகள் வாதம். மருத்துவர் அதை ஏற்றுக்கொண்டார். முடக்குவாத மருந்து சாப்பிடுபவருக்குக் காய்ச்சலே இல்லாமல் ஒரு மூட்டு மட்டும் வீங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே, கண்டனத்துக்கும் பிரதிநிதிகளுக்கும் நடுவில், பிரித்தெடுக்க முடியாதபடி கோத்துவைத்தேன். ஸ்டீராய்டு பற்றியது இரண்டாம் வாக்கியம். யார் அந்தப் பிரதிநிதி என்பது எங்கும் இல்லை. கீழே வெட்டுவதற்கென்றே இரண்டு பத்திகளைச் சேர்த்து அனுப்பினேன். இரண்டும் வெட்டப்பட்டன.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். ஒரு மருந்து என்ன செய்யும் என்பதை எழுதும்போது, அது எதைச் செய்யவிடாது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். 'ஆனால்' என்ற சொல்லைக் கத்தரி எட்டாத உயரத்தில் வையுங்கள். உதாரணம் சொன்னால், அந்த உதாரணத்தின் மேல் பாத்தியதை உள்ளவர் மாடியேறி வருவார் என்று எதிர்பாருங்கள். வந்தால் கோபத்தை மட்டும் கேட்காதீர்கள், அவர் டீ எப்படிக் குடிக்கிறார் என்றும் பாருங்கள்.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மருத்துவரைத் தேடி யார் யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், அவர் சொல்ல மறுத்துவிட்டார். அதுவும் சரிதான். போர்மேன்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டார்கள். அச்சங்குளத்துக்காரரின் மனைவி அதை மட்டும் ஒட்டவில்லையாம். அடுப்பாங்கரையில் பழைய கட்டுரை அப்படியே இருப்பதாக அவரே வந்து புகார் சொன்னார்.

மாடசாமி மருத்துவமனையில் தங்கியிருந்தபோது ஒருமுறை பார்க்கப் போனேன். வராந்தாவிலேயே குரல் கேட்டது. சாப்பாடு கொண்டுவந்தவரிடம், சூடான பாத்திரத்தை நடைபாதையில் வைத்ததற்காகக் கத்திக்கொண்டிருந்தார். மருத்துவர் என்னைப் பார்த்து, "இப்பதான் எனக்கு நிம்மதி," என்றார். மெடிக்கல் கடை மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, கிருமி முழுக்கப் போன பிறகே வாரத்துக்கு ஒருநாள் மருந்தை ஆரம்பிப்பதாகவும், மாதாமாதம் ரத்தம் பார்க்க வரவேண்டும் என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அவர் வருவாரா என்று கேட்டேன். "நாலு பேரு கூட்டிட்டு வர்றாங்களாம். பேச்சுவார்த்தை தொடருதுன்னு சொன்னாங்க. எனக்குப் புரியல," என்றார்.

அடுத்த சீசனில் ஒரு காலை, சாத்தூர் பேருந்து நிலையம் எதிரே அந்த வேன் நின்றிருந்தது. டீ வாங்க இறங்கியவர்கள் மீண்டும் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாடசாமியின் வலது கால் முழுதாக மடங்குவதில்லை. முன் இருக்கையில் அவர் இருந்தார். அச்சங்குளத்துக்காரர் பின்னால், கதவோரமாக உட்கார்ந்திருந்தார்.